அசையாத தலைவர் படம்

கவுன்சிலர் செல்லச்சாமி காலையிலிருந்து ஸ்டிக்கர் கடை ரோஸ்லினின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். "கார் கதவுல தலைவர் படம் மழை அடிச்சாலும் அசையக்கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் கட்சி மாறினா, தடம் தெரியாம உடனே உரிஞ்சு வந்துரணும்."

"ரெண்டும் எப்படிண்ணே நடக்கும்?"

"அது உன் தலைவலி!"

ரோஸ்லின் பல்லைக் கடித்துக்கொண்டு கதவில் சோப்புத் தண்ணீர் தெளித்தாள். படத்தை மேலே வைத்தாள். அப்படியே விட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாவட்டச் செயலாளர் வந்து இறங்கினார். பக்தியோடு படத்தைத் தொட்டார். தலைவர் வழுக்கிக்கொண்டு சக்கரம் வரை போய்விட்டார்.

"என்னம்மா இது, ஒட்டலையா?"

"உள்ள இருக்கிற தண்ணிய வழிச்சுத் தள்ளினா ஒட்டிக்கும்ங்க. கட்சியில இருப்பாரா மாட்டாரான்னு அண்ணன் இன்னும் முடிவு சொல்லலை. அதான் காத்திருக்கேன்."

செல்லச்சாமி படத்தை மேலே ஏற்றி, அவள் கையிலிருந்த, தண்ணீர் வழிக்கும் பிளாஸ்டிக் அட்டையைப் பிடுங்கி, வெறிபிடித்தவர் போலத் தேய்த்தார்.

"மெதுவாண்ணே," என்றாள் ரோஸ்லின், "அப்புறம் பிரிக்கக் கஷ்டமாயிடும்."