குறைந்துபோன ஒன்பது பலம்

மேகம் மலையிறங்கி அரண்மனைச் சமையற்கட்டுக்குள்ளேயே உலவும் சின்ன நாடு ஒன்று இருந்தது. அங்கே எண்ணெய்ச் சாடிகளைக் கவனித்துக்கொண்டவள் பொன்னுருவி. இழையாக இறங்கும் நல்லெண்ணெயைப் பார்த்தபடியே அவள் சொக்கிப்போவாள்.

ஒருநாள் அரண்மனைப் பண்டசாலையைக் கவனிக்கும் உக்கிராண அதிகாரி விருபாட்சர் ஒரு படி தண்ணீரைத் தராசில் நிறுத்தார். எடை நூறு பலம் இருந்தது. அவள் அதே படியில் ஊற்றிய எண்ணெயோ தொண்ணூற்றொரு பலம்தான்.

"ஒன்பது பலத்தைத் திருடியிருக்கிறாய். பொழுது சாய்வதற்குள் இதே படியில் நூறு பலம் எண்ணெய் காட்டு. இல்லையேல் நாட்டைவிட்டுப் போ" என்றார்.

பொன்னுருவி சாடியருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கூரையிலிருந்து ஒரு மழைத்துளி சாடிக்குள் விழுந்தது. முத்துப்போல எண்ணெய்க்குள் மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய்த் தங்கியது. அவள் முகம் தெளிந்தது.

மாலையில் அரசியின் முன்னால் கைகட்டி நின்று, அங்கிருந்த விருபாட்சரிடம் சொன்னாள்:

"ஐயா, நான் தொட்டால்தான் குறைகிறது. தாங்களே அளந்து ஊற்றுங்கள்."

விருபாட்சர் விளிம்புவரை ஊற்றி நிறுத்தார். தொண்ணூற்றொன்று. மறுபடியும் ஊற்றினார். அதே தொண்ணூற்றொன்று.

"அந்த ஒன்பது பலத்தை எங்கே வைத்தீர்கள் ஐயா?" என்று பணிவாகக் கேட்டாள் பொன்னுருவி. பிறகு அரசியிடம் திரும்பி, "தாயே, தண்ணீர் கனம், எண்ணெய் லேசு. படி ஒன்றானாலும் எடை ஒன்றாகாது" என்றாள்.

அரசி சிரித்துவிட்டு, "இப்போது நாட்டைவிட்டுப் போகவேண்டியவர் யார்?" என்றாள்.

எண்ணெய் வழியும் தன் இரண்டு கைகளையும் எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நின்றார் விருபாட்சர்.