அரிவாள் மணையேறிய நாள்

அந்தக் காலத்தில் மனிதருக்கு ஊர், மிருகத்துக்குக் காடு என்று பிரிந்திருக்கவில்லை. எல்லோரும் பேசினார்கள், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் வளையூர் என்று ஓர் ஊர். பொழுது சாய்கிற நேரத்தில் அங்கே பெரிய அடுப்பில் சோறு இறங்கும். யானை, முயல், கரடி, கீரி எல்லாம் மனிதர்களோடு ஒரே பந்தியில் இலை போட்டு உட்காரும். புலியும் வந்து உட்காரும். அதற்கு மட்டும் ஒரு பேச்சு இருந்தது. பொழுது சாயும்போது புலியின் இலையில் சோறு விழுந்துவிட வேண்டும். விழுந்தால் அது யாரையும் தொடாது. விழாவிட்டால் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும். அப்படி ஒரு நாள்கூட நடந்ததில்லை. அடுக்களை அவ்வளவு ஒழுங்காக நடந்தது.

அந்த அடுக்களை உலகம்மையின் கையில் இருந்தது. வளையூரில் அவளைப் போல் காய் நறுக்க ஆள் கிடையாது. வலது கையில் அரிவாள், இடது கையில் காய். அரிவாள் போகிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. கொல்லாசாரி அரிவாளுக்கு ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடிப்பான். வலது கைக்கு அது வாகாக இருக்கும். இடது கையில் எடுத்தால் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள் அணஞ்சி. உலகம்மையின் தம்பி புலமாடனின் மனைவி. அவளுக்கு எல்லாமே இடது கைதான். தண்ணீர் மொள்ளுவது, விறகு ஒடிப்பது, கோழியை விரட்டக் கல்லெடுப்பது, எதுவென்றாலும் முதலில் நீளுவது அந்தக் கைதான். வந்த புதிதில் அடுக்களைக்குள் போய் அகப்பையை எடுத்தாள். உலகம்மை அதைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, பீச்சாங்கையால அகப்பையைத் தொடுதியே, ஊரு சனம் திங்க வேண்டாமா?"

"எனக்கு இந்தக் கைதான் மதினி சொல் கேக்குது."

"கேக்காட்டி வெளிய நின்னு விறகு ஒடி. உள்ளே வராத."

அன்றிலிருந்து அணஞ்சி வெளியேதான் நின்றாள். விறகு ஒடித்தாள், தண்ணீர் சுமந்தாள், பந்தி முடிந்ததும் இலை எடுத்தாள். உள்ளே தாளிக்கிற வாசனை வரும்போது தன் இடது கையைப் பார்ப்பாள். அந்தக் கையின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். முற்றத்து வாகை மரத்தில் ஒரு கிளி இருந்தது. அது இடது காலால் கோவைப்பழத்தைப் பிடித்துக் கொத்தித் தின்னும். "கிளியை ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்று ஒரு நாள் அணஞ்சி முனகினாள்.

"சொல்லிப் பார்க்கட்டுமே, பறந்துபோய்விடுவேன்" என்றது கிளி. "உன்னால் பறக்க முடியாது. அதனால்தான் உன்னைச் சொல்கிறார்கள்."

அந்த வருடம் அறுப்புக்காலத்தில், வாலிபத்தில் இருந்த ஆண்களும் பெண்களும் பெரும்பாலோர் அரிவாள்களோடு அக்கரை வயலில் தங்கியிருந்தபோது, மலையில் பெய்த மழை விடியற்காலையில் ஆற்றோடு வந்து சேர்ந்தது. வெள்ளம் ஊருக்குள் புகுந்து வீட்டையும் அடுக்களையையும் அடித்துக்கொண்டு போனது. ஊரில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாறைக்கு ஓடினார்கள். மிருகங்களும் அங்கேதான் ஏறின. யானை முதுகில் பானைகளும் ஒரு சின்ன மூட்டை அரிசியும் வந்து சேர்ந்தன. உலகம்மை தன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அணஞ்சி தன் கல்யாண மணையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். தாலி கட்டும்போது அவள் உட்கார்ந்த பலகை அது. தாய்வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே பொருள்.

மழை விட்டது. தண்ணீர் வடியவில்லை. அரிசி புலியின் வயிற்றுக்கே காணாது, மற்ற வாய்க்கு எங்கே போவது. ஆனால் ஆறு ஒரு கையால் பறித்ததை மறு கையால் கொடுத்தது. மேலே எந்தத் தோட்டத்தை அழித்ததோ, பூசணியும் சேனையும் வாழைத்தாரும் தேங்காயும் பலாவும் மிதந்து வந்தன. யானை துதிக்கையை நீட்டி ஒவ்வொன்றாகக் கரையில் இழுத்துப் போட்டது.

"போதும், போதும்!" என்று உலகம்மைக்கு உயிர் வந்தது. "அம்புட்டையும் அரிசியோட சேர்த்துப் போட்டுக் கூட்டாஞ்சோறாக் கிண்டிருவேன். ஒரு வயிறும் காயாது. பலாவைக் கொண்டாங்க."

ஈரப் பலாவை அவள் தூக்கினாள். பாறையும் ஈரம். கால் வழுக்கியது. பலா அவள் வலது கையின்மேல் விழுந்தது. மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. விரலை மடக்க முடியவில்லை. அரிவாள் கீழே விழுந்து கணீரென்றது.

அப்போதுதான் பாறையில் எல்லோருக்கும் நிலைமை விளங்கியது. ஒரே ஒரு அரிவாள். அதைப் பிடிக்கத் தெரிந்த கை ஒடிந்து கிடக்கிறது. புலமாடன் எடுத்து முயன்றான். அவன் ஒரு சேனையைப் பாதி நறுக்குவதற்குள் வெயில் தலைக்கு வந்துவிட்டது. யானை ஒரு பூசணியை மிதித்துப் பார்த்தது. அது சேற்றோடு சேறாகப் போயிற்று. கரடி கடித்துத் துப்பிய துண்டை முயல்கூடத் தொடவில்லை.

பாறையின் உச்சியில் புலி படுத்திருந்தது.

"நான் பேச்சு மாறமாட்டேன்" என்றது நிதானமாக. "பொழுது சாய்கிறவரை பொறுப்பேன். அதற்குப் பிறகு என் வயிறு பொறுக்காது." சொல்லிவிட்டு, தாயோடு ஒண்டி நின்ற மான்குட்டியைப் பார்த்தது. பிறகு மனிதப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

பெரியவர்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளம். ஓடவும் இடமில்லை.

அணஞ்சி எழுந்தாள். அரிவாளை இடது கையில் எடுத்தாள். உலகம்மை வலியிலும் தலையைத் தூக்கினாள். ஆனால் தடுக்கவில்லை. அணஞ்சி பூசணியின்மேல் அரிவாளை ஓங்கிப் போட்டாள். அது காயில் இறங்காமல் தோலை உரசிக்கொண்டு சறுக்கி, காயைப் பிடித்திருந்த அவள் வலது பெருவிரலைக் கீறியது. இன்னொரு முறை போட்டாள். மறுபடியும் சறுக்கல். வலது கைக்கு மாற்றினாள். அந்தக் கைக்கு அரிவாள் பிடிபடவில்லை.

"விடு புள்ள" என்றான் புலமாடன். "கையை இழந்துராத."

ரத்தத்தை முந்தானையில் துடைத்தபடி அவள் அரிவாளையே பார்த்தாள். அவள் கைகளுக்குப் பலம் இல்லாமல் இல்லை. இரண்டு குடம் தண்ணீரை மேட்டுக்குச் சுமந்த கைகள். இந்த இரும்பைப் பிடித்து ஆட்டத்தான் அவற்றுக்கு வரவில்லை. அப்படியானால் இரும்பு ஏன் ஆட வேண்டும்?

"இங்க பாருங்க" என்றாள் புருஷனிடம். "நீங்க அரிவாளை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிங்க. வாய் மேல பாத்து நிக்கட்டும். அசைக்காதீங்க. நான் காயைக் கொண்டாந்து அழுத்துதேன்."

புலமாடன் பிடித்தான். அவள் பூசணியை இரண்டு கையாலும் தூக்கி அரிவாள் வாயில் வைத்து அழுத்தினாள். சர்ரென்று இறங்கியது. பூசணி இரண்டாகப் பிளந்து மஞ்சள் வயிற்றைக் காட்டியது.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அணஞ்சி அடுத்த காயை எடுத்தாள். ஆனால் உச்சியிலிருந்து புலி எட்டிப் பார்த்ததும் புலமாடனின் கை ஆடிவிட்டது. அரிவாள் சாய்ந்தது. மனிதக் கை பயப்படும், சோர்ந்துபோகும். இது ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் தன் மணையை எடுத்துவந்தாள். ஒரு கணம் அதன் ஓரத்தில் செதுக்கியிருந்த பூவைத் தடவினாள். பிறகு கவிழ்த்துப் போட்டு, அரிவாளின் முனையை நடுவில் வைத்துக் கல்லால் அடித்துத் துளை போட்டாள். மணை விரிந்து கீறல் விட்டது. அவள் நிறுத்தவில்லை. பலகையைத் திருப்பினாள். கைப்பிடியைக் கழற்றிவிட்டு அரிவாளின் காம்பை அந்தத் துளையில் இறக்கி, ஆப்பு வைத்து இறுக்கினாள். அரிவாள் நிமிர்ந்து, கழுத்தை வளைத்துப் பார்க்கும் கொக்கு மாதிரி நின்றது.

காயை அழுத்தினாள். பலகை நகர்ந்தது. இரண்டு கையும் காயில் இருக்கின்றன. பலகையை எதனால் பிடிப்பது?

அணஞ்சி ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, மறு காலைத் தூக்கி மணையின்மேல் வைத்தாள்.

"ஏட்டி!" என்று உலகம்மை அலறினாள். "திங்கிற சாமான்ல காலை வைக்கியா? அதுவும் கல்யாண மணையில! கை போதாதுன்னு இப்பக் காலுமா?"

பாறையில் இருந்த பெரியவர்களின் முகமும் சுருங்கியது. அடுக்களைச் சாமானில் கால் படுவதை வளையூர் பார்த்ததே இல்லை. அணஞ்சி அத்தனை முகத்தையும் பார்த்தாள். இதற்கு முன்னால் அவள் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை.

"மதினி, புள்ளைகளைப் புலி திங்கிறதைவிட என் காலு பட்டது பெரிய குத்தமா? குத்தம்னா நாளைக்கு என்னை ஊரை விட்டு அனுப்புங்க. இப்பக் காயை எடுத்துத் தாங்க."

அவள் காலை எடுக்கவில்லை. பாதத்தை இன்னும் அழுத்தமாக ஊன்றினாள்.

பிறகு நடந்ததை வளையூர் மறக்கவே இல்லை. யானை பூசணியை உருட்டிவிட்டது; அணஞ்சி அணைத்து எடுத்து அரிவாளில் தள்ளினாள். சேனை வந்தது, துண்டானது. வாழைக்காய் வந்தது, வட்டம் வட்டமாய் உதிர்ந்தது. இடது கை தள்ளியது, வலது கை வாங்கியது. கொஞ்ச நேரத்தில் எது தள்ளுகிறது, எது வாங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கீரி துண்டுகளைச் சுளகில் அள்ளிப் பானைக்கு ஓடியது. கரடி தேங்காயை உடைத்து நகத்தால் பூவாய்ச் சுரண்டிக் கொடுத்தது. கிளி மேலே வட்டமிட்டு, "இன்னும் இரண்டு தார் வருகிறது! இழு, இழு!" என்று யானையை ஏவியது. பிள்ளைகள் கைகொட்டினார்கள். அணஞ்சி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஊருக்கு வந்தபின் வாய்விட்டு அவள் சிரித்தது அன்றுதான்.

குவியல் ஏறிக்கொண்டே போனது. வெயிலும் இறங்கிக்கொண்டே போனது. அடுப்பில் உலை பொங்கியது. கிண்டுவதற்கு அணஞ்சி எழ வேண்டும். இன்னும் காய் கிடந்தது. அப்போது உலகம்மை அவள் அருகில் வந்து நின்றாள்.

"தள்ளு. நீ போய்க் கிண்டு" என்றாள்.

"மதினி, உங்க கை..."

"சோத்துக்கைதானே வீங்கிக் கெடக்கு. மத்தக் கை இருக்குல்லா."

உலகம்மை உட்கார்ந்தாள். சற்றுத் தயங்கி மணையில் காலை வைத்தாள். இடது கையால் ஒரு வாழைக்காயை எடுத்து அரிவாளில் அழுத்தினாள். அது அழகாகத் துண்டானது. அவள் அந்தத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் கைன்னு இது கேக்கவே மாட்டேங்குதே" என்றாள். பிறகு அணஞ்சியை நிமிர்ந்து பார்த்து, பானை ஓரத்தில் கிடந்த அகப்பையை எடுத்து நீட்டினாள். "இந்தா. அந்தக் கையாலயே கிண்டு."

அணஞ்சி இடது கையை நீட்டி வாங்கினாள்.

சூரியன் ஆற்றைத் தொடுகிற நேரம் புலி எழுந்து சோம்பல் முறித்தது. உச்சியிலிருந்து இறங்கி வந்தது. மான்குட்டி தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தது. புலி தன் இடத்துக்கு வந்து பார்த்தபோது, அங்கே இலை விரித்திருந்தது. இலையில் கூட்டாஞ்சோறு ஆவி பறந்தது.

புலி உட்கார்ந்தது. ஆனால் வாய் வைக்கவில்லை. எதிரில் மணையின்மேல் அரிவாள் நிமிர்ந்து நின்றது. ஆள் பிடிக்காமலே, அசையாமலே, பூசணியையும் பலாவையும் பிளந்ததைப் புலி உச்சியிலிருந்து மதியம் முழுக்கப் பார்த்திருந்தது.

"அணஞ்சி" என்றது புலி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதைப் படுக்க வை."

"ஏன்?"

"அது என்னையே பார்க்கிறது. ஒருவர் கையில் இருக்கிற கத்தி என்றால் எனக்குப் பயமில்லை. கையைப் பார்த்துக்கொள்வேன். இது யார் கையிலும் இல்லையே. இதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது."

பாறை முழுவதும் சிரிப்பு வெடித்தது. முயல் சிரித்து உருண்டது. அணஞ்சி எழுந்து போய், மணையை மெல்லச் சாய்த்து அரிவாளைப் படுக்க வைத்தாள். புலி பெருமூச்சு விட்டுக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தது. மறுசோறும் கேட்டது.

தண்ணீர் வடிந்து அக்கரைக்காரர்கள் திரும்பியபோது, ஊரில் ஒரு பிள்ளையும் குறையவில்லை. பெண்கள் முறை வைத்து அந்த மணையில் உட்கார்ந்து நறுக்கிப் பார்த்தார்கள். கொல்லாசாரி வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஒன்று செய்து கொடுத்தான். தேங்காய் துருவக் கரடியைத் தேடிக்கொண்டு போக முடியாதே என்று, அரிவாளின் நுனியில் கரடி நகம் போலப் பல் வைத்ததும் அவன்தான். விறகு ஒடிக்கிற வேலை புலமாடனுக்குப் போனது. அடுக்களையில் உலகம்மையும் அணஞ்சியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அன்று முதல்தான் நம் வீடுகளில் அரிவாள் அசையாமல் நிற்கிறது, காய் அதனிடம் போகிறது, எந்தக் கைக்காரர் உட்கார்ந்தாலும் நறுக்க வருகிறது. நறுக்கி முடித்த கையோடு, எந்தப் புலியும் பந்திக்கு வராத இந்தக் காலத்திலும், அரிவாள்மணையைப் படுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம்.