ஏழு வரிசை யானைகளும் ஒரு வேப்பந்தோப்பும்

அந்தக் கால மன்னர்கள் பகைவரின் படையைக் கண்டுதான் அஞ்சினார்கள் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். படித்தவர்களும் இதில் சேர்த்தி என்பது வேதனைக்குரியது. இந்தப் பிழையை இனியும் வளரவிடக் கூடாது. படை வந்தால் கோட்டைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சின்ன வயதில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் வந்தால் எந்தக் கதவைச் சாத்துவது?

பாலிமங்கலத்து மன்னர் கொற்றவேலர் மூன்று போர்களில் வென்றவர். அவரும் ஆண்டுக்கு ஒரு நாள் அஞ்சுவார். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் தென்மண்டல மாநாடு, அரண்மனைக்கு எதிரே வேப்பந்தோப்பில் கூடும் நாள் அது. சங்கத் தலைவி உலகம்மை அம்மையார்தான் மன்னருக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தவர்.

அந்த ஆண்டு அம்மையார் நேராக அவைக்கே வந்துவிட்டார். மன்னர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"உட்கார், கொற்றவேலா. அந்தத் தோப்பை எங்கள் சங்கத்துக்கே எழுதிக் கொடு. நாங்கள் இருநூறு பேர். வீட்டில் வாயைத் திறந்தால் மருமகள் எழுந்து போகிறாள், பேரன் தூங்கிப்போகிறான். நாங்கள் பேசிக் கேட்க எங்களை விட்டால் ஆளில்லை. கூடுவதற்கு வேறு இடமும் இல்லை."

சேனாபதி மழவராயருக்கு இது பிடிக்கவில்லை. யானைக் கொட்டாரம் கட்ட அவர் அதே தோப்பின் மீது கண் வைத்திருந்தார்.

"அரசே, தாராளமாகக் கொடுங்கள்," என்றார் சேனாபதி. "ஆனால் ஒரு நிபந்தனை. இன்று பொழுது சாய்வதற்குள் அந்த இருநூறு பேரும் ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லட்டும். சொல்லாவிட்டால் தோப்பு யானைகளுக்கு."

"எந்தச் சொல்?" என்று கேட்டான் விகடகவி குழைக்காதன்.

"எதுவானாலும் சரி! சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்லிப் பார். அதற்கும் நாலு பேர் திருத்தம் கொண்டுவருவார்கள்."

அவை சிரித்தது. அம்மையாருக்கு முகம் வாடிவிட்டது. சேனாபதி சொன்னது பொய்யில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரு சொல்தானே? நான் சொல்ல வைக்கிறேன்," என்றான் குழைக்காதன்.

"முடியாவிட்டால்?"

"உங்கள் கொட்டாரத்தில் சாணம் அள்ளுகிறேன்."

மன்னர் சம்மதித்தார்.

குழைக்காதன் தோப்புக்குப் போனபோது மாநாடு இன்னும் தொடங்கவே இல்லை. குத்துவிளக்கை வரவேற்புரைக்கு முன் ஏற்றுவதா, பின் ஏற்றுவதா என்று காலையிலிருந்து வாதம் நடந்துகொண்டிருந்தது.

"பெரியோர்களே! தோப்பு போகப் போகிறது," என்று அவன் விஷயத்தைச் சொன்னான். "நான் மூன்று வரை எண்ணுகிறேன். எல்லோரும் சேர்ந்து 'வாழ்க' என்று சொல்லுங்கள். போதும்."

"யார் வாழ்க?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"மூன்று என்னும்போதே சொல்ல வேண்டுமா, மூன்று முடிந்த பிறகா?" என்றார் இன்னொருவர்.

"தம்பி, முதலில் கையைப் பின்னால் கட்டாமல் நேராக நின்று பேசு," என்றார் மூன்றாமவர்.

இதை ஆராய மூவர் குழு அமைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். மூவரா ஐவரா என்று அடுத்த வாதம் கிளம்பியது. அம்மையார் தலையில் கைவைத்துக்கொண்டார். குழைக்காதன் ஒரு வேப்பமரத்தடியில் சாய்ந்து, சத்தத்தைச் சற்று நேரம் ரசித்துக் கேட்டான். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டான்.

பொழுது சாயும் வேளையில் மன்னர் பரிவாரத்தோடு வந்தார். பின்னாலேயே சேனாபதி, அளவு கயிற்றோடு.

"என்ன குழைக்காதா, ஒரே குரல் கேட்கவில்லையே?" என்றார் மன்னர்.

"தோற்றுவிட்டேன், அரசே," என்றான் அவன் பணிவாக. "ஒரே ஒரு வேண்டுகோள். நாளை நான் எத்தனை யானைக்குச் சாணம் அள்ள வேண்டும் என்பதைத் தங்கள் திருவாயால் இந்தச் சபையில் உரக்க அறிவித்துவிடுங்கள். சேனாபதி ஏழு வரிசை போடப் போகிறாராம். வரிசைக்கு எட்டு யானை."

"இவ்வளவுதானே!" மன்னர் மேடையேறி, கணீரென்று சொன்னார். "ஏழெட்டு ஐம்பத்து நாலு! ஐம்பத்து நாலு யானை!"

அமைச்சர்கள் வழக்கம்போல் தலையாட்டினார்கள்.

"தப்பு!"

இருநூறு தொண்டைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பிய அந்தச் சொல்லில் வேப்பமரக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. விளக்குக் கட்சி, வரவேற்புரைக் கட்சி, மூவர் குழு, ஐவர் குழு, ஒருவர் பாக்கியில்லை.

சேனாபதிதான் முதலில் பேசினார்.

"அரசே! தங்களைப் பார்த்து... தப்பு என்று..."

"ஒரே சொல். ஒரே குரல். சூரியன் இன்னும் அதோ இருக்கிறது," என்றான் குழைக்காதன். "எதுவானாலும் சரி என்று சொன்னது நீங்கள். அவர்கள் சொன்னதில் பிழை இருந்தால் சொல்லுங்கள் சேனாபதி. ஏழெட்டு எவ்வளவு?"

சேனாபதி அம்மையாரைப் பார்த்தார். மன்னரைப் பார்த்தார். அளவு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அமைச்சரே," என்றார் மன்னர் மெதுவாக, "நான் இதை எத்தனை காலமாக இப்படிச் சொல்லிவருகிறேன்?"

"பட்டம் சூட்டிய நாள் முதலாக, அரசே."

"அப்படியானால் நம் யானைக் கணக்கு எப்படிச் சரியாக இருந்தது?"

"தாங்கள் எண்ண வரும்போதெல்லாம் இரண்டு யானைகளை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிவிடுவோம், அரசே."

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தோப்பைச் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார்.

"அம்மையாரே, திருப்திதானே?"

"தோப்பு விஷயத்தில் திருப்தி," என்றார் உலகம்மை அம்மையார். அவர் சிரிக்கவில்லை. "ஏழாம் வாய்பாடு. முழுவதும். நூறு தடவை."

அந்த வாரம் பாலிமங்கலம் கடைத்தெருவில் பனையோலை கிடைக்கவில்லை.