கழுதை விழுங்கிய சொல்

அந்தக் காலத்தில் மிருகங்களும் பேசும். பொய் மட்டும் சொல்லத் தெரியாது. அதனால் மாறங்கோட்டை ராஜாவுக்கு ஒற்றர்களே தேவைப்படவில்லை. ஆட்டைக் கேட்டால் ஆடு சொல்லும், காக்கையைக் கேட்டால் காக்கை சொல்லும்.

அந்த மகராசன் ஒரு கோடையில் ஊர்க்குளத்துக்கு வேலி போட்டுப் பூட்டிவிட்டான். அவனுடைய யானைகள் குளிக்க அத்தனை தண்ணீரும் வேண்டுமாம்! பூட்டைப் பற்றி எந்த மனுஷன் வாயைத் திறந்தாலும் தலை இருக்காது என்று தண்டோராவும் போட்டாயிற்று. ஊரே கப்சிப்.

வெள்ளையடிக்கும் மூக்காயியின் கழுதைக்குத்தான் வாய் ஓயாது.

"தொண்டை காயுது மூக்காயி. நீங்கள்லாம் எதுக்கு வாய் வச்சிருக்கீங்க?"

"சும்மா இரேன் எழவே. என் தலை போயிடும்."

அதட்டினாளே தவிர, அவளுக்கும் வயிறு எரிந்தது. இடுப்புப் பிள்ளை நாக்கு வறண்டு அழக்கூட முடியாமல் கிடந்தது.

அன்று அரண்மனை மதிலுக்கு வெள்ளையடித்து முடித்தபோது உச்சிவெயில். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கீழே கிடந்த கரித்துண்டை எடுத்தாள். வெள்ளை மதிலில், பின்னங்காலால் பூட்டை உதைக்கும் கழுதை ஒன்றை வரைந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற கழுதை எல்லாவற்றையும் பார்த்தது.

பொழுது சாய்வதற்குள் ஊரே மதிலைப் பார்த்துச் சிரித்தது. ராஜாவுக்கு வந்ததே கோபம்! மூக்காயியைப் பிள்ளையோடும் கழுதையோடும் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"வெள்ளையடிச்சதோட சரி சாமி, வேற ஒண்ணும் தெரியாது."

"உன்னை யார் கேட்டது?" ராஜா கழுதையிடம் திரும்பினான். "நீ சொல். வரைந்தது யார்?"

மூக்காயி பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். இந்த வாயாடிக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

சவுக்கு விழுந்தது. ஒன்று, இரண்டு, பத்து. கழுதை வாயைத் திறந்தது. அவளைப் பார்த்தது, இடுப்பில் துவண்ட பிள்ளையைப் பார்த்தது. பொய் சொல்லத்தான் தெரியாதே; நாக்கு நுனிவரை வந்த சொல்லைப் பேச்சோடு சேர்த்து விழுங்கிவிட்டது. வெளியே வந்தது வெறும் கத்தல்தான்.

கழுதை பட்ட அடியைப் பார்த்து நின்ற ஆட்டைக் கேட்டான், அதுவும் சொல்லை விழுங்கிக்கொண்டு "மே" என்றது. காக்கை, "கா" என்றது. தன் பட்டத்து யானையையே கேட்டான். அதுவும் பிளிறியதோடு சரி. சாட்சி இல்லாத வழக்கு அந்தச் சபையில் நிற்காது. அவளை விட வேண்டியதாயிற்று.

மறுநாள் ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லை, எங்கும் உதைக்கிற கழுதை. யார் வரைந்தது என்று சொல்லத்தான் ஒருவருமில்லை. மூன்றாம் நாள் ஊர் திரண்டு போய்ப் பூட்டை உடைத்தது.

பிள்ளைக்குப் புகட்டிய கையோடு, மூக்காயி கழுதையின் முன் வாளியை வைத்தாள். "குடி ராசா. ஒரே ஒரு வார்த்தை பேசேன். திட்டவாவது செய்யேன்." அவள் தேம்பித் தேம்பி அழுதாள். கழுதை தண்ணீர் குடித்தது, அவ்வளவுதான்.

அன்று முதல்தான் மிருகங்கள் பேசுவதில்லை. வாயை அடைத்த ஊர்களில் சுவருக்குச் சுவர் ஏதோ ஒரு மிருகம் வந்து நிற்பதும் அன்று முதல்தான். வரைந்த கை யாருடையது என்று அடித்துக் கேட்டாலும் அது சொல்லாது.