ஆள் ஏறினால் உரசும் ஜீப்

மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது பிலோமினாவின் ஜீப் பட்டறை. முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்த இருளப்பன், தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளான அவளிடம் தொழில் கற்க வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவர் தனியாகச் செய்த முதல் வேலை, சேவுகன் ஓட்டும் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டியது. ஸ்பிரிங்கை உயர்த்தினார். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தார். டயர் எங்கும் தொடவில்லை. மனசு நிறைந்து அனுப்பிவைத்தார்.

மூன்றாம் வாரம், ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களோடு அந்த ஜீப் மலையிறங்கி வந்தபோது வளைவில் முன்டயர் வெடித்தது. ஜீப் மண்மேட்டில் மோதி நின்றது. பவுனுத்தாய் என்ற பெண்ணுக்கு வலது கை முறிந்தது. இனி அந்தக் கையால் காய் பறிப்பது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

முன்கம்பி வளைந்த ஜீப்பைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். இருளப்பன் அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

“நல்லாத்தானம்மா அளந்தேன். எங்க தப்பு நடந்துச்சு?”

பிலோமினா அதே அளவில் வேறொரு டயரை மாட்டச் சொன்னாள். தோட்டத்துக்குப் போகக் காத்திருந்த பத்துப் பேரைக் கூப்பிட்டு ஜீப்பில் உட்காரவைத்தாள். முன்சக்கரத்தை ஒரு கல்மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாள்.

“இப்ப கைய விட்டுப் பாருங்கண்ணே.”

டயருக்கும் அதன் மேலே மூடியிருக்கும் மட்காடுத் தகரத்துக்கும் நடுவே விரல் நுழையவில்லை. தகரத்தின் விளிம்பு உரசி உரசிப் பளபளத்துக் கிடந்தது.

இரண்டு நாள் வேலை பிடித்தது. ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை சேர்த்தார்கள். சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்க ரப்பர் கட்டை வைத்தார்கள். விளிம்பை வெட்டி உள்ளே மடித்தார்கள். மறுபடி ஆட்களை ஏற்றிப் பார்த்தபோது டயர் எங்கும் படவில்லை.

ஆட்கள் இறங்கிப் போனபின் இருளப்பன் கையைக்கூடத் துடைக்காமல் தரையில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்லணும்மா. டயர் மாட்டின நாலாம் நாளே சேவுகன் வந்து சொன்னான், ஆள் ஏறினா வளைவுல உரசுதுன்னு. புது டயருதான, போகப்போகச் சரியாயிரும்னு அனுப்பிட்டேன்.”

பிலோமினா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்கிட்டயும் சொன்னாருண்ணே. நீங்க பாத்துக்குவீங்கன்னு நான் இருந்துட்டேன்.”