எட்டு என்றொரு பொந்து இல்லை

அந்தக் காலத்தில், அணிலும் முயலும் நம்மைப் போலப் பேசித் திரிந்த நாளில், காட்டுக்கு வெள்ளம் வரப்போகிறது என்று யானைக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வீட்டாருக்கும் ஒதுங்க ஆளுக்கோர் இடம் பார்த்து, ஒரே நீள ஓலையில் வரிக்கு ஓர் இடமாக எழுதியது. பேர் எழுதவில்லை. இன்னார் இத்தனையாவது வரி என்று வாயால் சொல்லிவிட்டு மலையேறிப் போய்விட்டது. ஆமைக்கு முதல் வரி, குரங்குக்கு இரண்டு, உடும்புக்கு மூன்று, கீரிக்கு ஆறு, முயலுக்கு ஏழு, அணிலுக்குக் கடைசி வரி, எட்டு.

அந்த ஓலையைக் கறையான் அரிக்க ஆரம்பித்தது. மரங்கொத்தி பதறிப்போய், வேப்பமரத்தில் வரிசையாக எட்டுப் பொந்து கொத்தி, ஓலையை வரிவரியாக நறுக்கி, பொந்துக்கு ஒன்றாகப் போட்டது. போடும்போதே எண்ணியது. களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்னாமல் "லாபம்" என்பார்கள் அல்லவா, அதைக் கேட்டிருக்கிறது. அடுத்ததை இரண்டு என்பார்களே, அதைத்தான் காதில் வாங்கவில்லை. "லாபம், ஒன்று, இரண்டு" என்று போய் ஏழோடு முடித்துவிட்டது.

வெள்ளம் வந்தது. ஆமை ஒன்றாம் எண்ணைக் கேட்டு ஓலையை வாங்கி, குரங்குக்கு வைத்திருந்த ஆலங்கிளையை அண்ணாந்து பார்த்தது. குரங்கு, உடும்பின் பாறை இடுக்கில் தலையை விட்டுக்கொண்டு முழித்தது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. யானைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக அணில் மூன்று குட்டிகளோடு மரங்கொத்தியிடம் வந்தது. தண்ணீர் வேரைத் தொட்டுவிட்டது.

"எட்டைக் குடுங்க அண்ணே."

"எட்டா? ஏழோட சரியம்மா. எட்டுன்னு ஒரு பொந்தே இல்லையே."

"அப்ப எம் பிள்ளைகளை எங்க வைக்கிறது?"

அணில் பொந்து பொந்தாகப் பார்த்தது. ஏழு பொந்துகள் காலி. முதல் பொந்தில் மட்டும் ஓர் ஓலை கிடந்தது: குளத்தடிச் சேறு.

"இது ஆமையோடதுல்ல? இதை என்னன்னு எண்ணுனீங்க?"

"லாபம்னு."

"அந்த லாபந்தான் அண்ணே ஒண்ணு. என் எட்டு உங்க ஏழுல போயிருக்கு. ஏழை வாங்கினது யாரு?"

முயல்தான். புளியமரத்தடியில், 'உச்சிப் பொந்து' என்ற ஓலையைக் கவ்விக்கொண்டு, எப்படி ஏறுவது என்று தெரியாமல் வயிறளவு தண்ணீரில் நின்றது.

"அது என்னுது மாமா. உங்களுது கீரிகிட்ட இருக்கும், ஓடுங்க" என்று சொல்லி, அணில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி உச்சிக்கு ஏற்றியது. முயல் கீரியைத் தேடி ஓட, கீரி தனக்கு முந்தின ஆளைத் தேடி ஓட, ஒருவழியாக எல்லாரும் கரை சேர்ந்தார்கள்.

மரங்கொத்திக்கு மட்டும் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. மரத்தைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டே இருக்கிறது. அன்று முதல்தான், கணினியிடம் ஒரு கோப்பைக் கொடுத்து வரிவரியாகப் பெட்டியில் அடுக்கச் சொன்னால், அதுவும் மரங்கொத்தியைப் போலவே முதல் பெட்டியை ஒன்று என்னாமல் பூஜ்யம் என்கிறது. எட்டாவது வரி வேண்டுமென்றால் நாம் ஏழு என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.