நிற்காத புரோகிராம்

கோடை விடுமுறை முழுக்க முகாமிலேயே தங்கி இலவசமாகக் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்றால் மாசாணிக்குத் தூக்கம் வருமா? பிளஸ் ஒன் மாணவி, நேர்காணலுக்கு வந்து நின்றாள்.

முகாம் தலைவர் தண்டபாணி ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுல கம்ப்யூட்டர் இல்லையா? அப்ப இங்கேயே, வெறுங்கையோட, ஒரு புரோகிராம் ஓட்டிக் காட்டு!"

"நீங்களே கம்ப்யூட்டரா இருங்க சார். எந்திரிச்சு ஜன்னல்ல பாருங்க. வாசல் கேட் பக்கத்துல நீலச் சேலை கட்டினவங்க நின்னுட்டிருந்தா, உட்கார்ந்து மறுபடி எந்திரிச்சுப் பாருங்க. போயிட்டா நிறுத்திடுங்க."

எல்லோர் முன்னாலும் சவால் விட்டவர் மறுக்க முடியுமா? எழுந்தார், பார்த்தார், உட்கார்ந்தார். எழுந்தார், பார்த்தார், உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. பக்கத்திலிருந்த ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது எப்பம்மா முடியும்?"

"அவங்க போனாத்தாங்க சார். அது எங்கம்மா. எனக்கு இடம் கிடைக்காம அங்கிருந்து நகராதுங்க."